கைக்குத் தெரியும்

விசைத்தறிக் கூடத்துக்குள் ஒரு விமானம் நிற்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் இடையில், என் அக்கா வீட்டின் பின்புறம் அப்படி ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. எட்டுத் தறிகள் ஓடிய கூடம் அது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மச்சான் ஆறு தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார். காலியான இடத்தில் அக்கா மகன் மரச்சட்டங்களைக் கொண்டுவந்து அடுக்கினான். விமானப் பொறியியல் படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலம். வெளிநாட்டிலிருந்து ஒற்றை இருக்கை விமானம் ஒன்றின் வரைபடத்தை விலைக்கு வாங்கியிருந்தான். கட்டில் செய்யப்போகிறான் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். விலா எலும்புகளைப் போன்ற இறக்கைச் சட்டங்கள் சுவரில் தொங்கத் தொடங்கிய பிறகே விஷயம் பரவியது.

அவனுக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தொடுபுழைக்கு அருகிலுள்ள தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ், கேட்கவும் பேசவும் இயலாதவர், தம் கையாலேயே ஓர் இலகு விமானத்தைச் செய்து முடித்தார். 2014இல் நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றுப் பக்கம் அது பறந்தது; ஓட்டிப் பார்த்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர். 2017இல் மலையாளத்தில் வந்த ‘விமானம்’ திரைப்படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது அவர் வாழ்க்கைதான். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் 2017 நவம்பரில்தான் அதற்குப் பதிவு கிடைத்தது. இவ்விருவர் படங்களும் தறிக்கூடத்துச் சுவரில், பழைய நூல் கம்பெனி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன.

கோவைக்கும் விமானத்துக்கும் உள்ள உறவும் நேற்று ஏற்பட்டதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல் 1946 வரை, பிரிட்டிஷ் கடற்படை பீளமேட்டுப் பக்கம் ‘கருடா’ என்ற பெயரில் ஒரு விமானப் பழுதுபார்ப்புத் தளத்தை நடத்தியது. போரின் முடிவில் சூலூரிலும் ஒரு தளம் இருந்தது. அதற்கு ‘வைரி’ என்று பெயர். வைரி என்பது தமிழில் வல்லூற்றைக் குறிக்கும் சொல்லும்கூட. இன்று சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. அவை எழும் ஓசையில் அக்கா வீட்டுச் சன்னல் அதிர்வதுண்டு. பிள்ளைக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசையை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். இங்கே எழுதவந்தது அதைப்பற்றித்தான்.

*

2022ஆம் கல்வியாண்டிலிருந்து பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள் வந்தன. இலக்கணமும் இலக்கியமும் மட்டும் நடத்திக்கொண்டிருந்த என்னைப்போன்றவர்களுக்குத் திடீரென்று நெசவும் பானைவனைதலும் கட்டடக்கலையும் நடத்தும் பேறு வாய்த்தது. நான் மகிழ்ச்சியோடு நடத்தினேன். நூலில் இல்லாதவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டியவர். பாவு உருளையின் ஓரத்தில் சங்கிலி சுற்றியிருக்கும். நெம்புகோலின் நுனியில் எடைக்கல் தொங்கும். பாவு தளர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கும், நாடா ஓடும் வழி தெளிவாகத் திறக்காது. விறைத்தால் இழை அறும். துணி நெய்ய நெய்ய உருளை மெலியும். அதற்கேற்பக் கல்லை நகர்த்திக்கொண்டே வரவேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு அப்பா எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. புறங்கையைப் பாவின்மேல் ஒருமுறை ஓட்டுவார். ‘கைக்குத் தெரியும்’ என்பார். அவ்வளவுதான்.

அப்பாருவின் காலத்தில் கவலை இறைப்பு இருந்தது. நான் பிறப்பதற்குள் மோட்டார் வந்துவிட்டாலும் கிணற்றுமேட்டில் கல்தூண்கள் இரண்டும் நெடுநாள் நின்றன. கவலையில் இரண்டு கயிறுகள் உண்டு. பருத்த வடம் மேலேயுள்ள கப்பியின்வழி ஓடிச் சாலைத் தூக்கும். மெல்லிய வால்கயிறு கீழேயுள்ள உருளையின்மேல் ஓடிச் சாலின் அடியிலுள்ள தோல்வாயை மடக்கிப் பிடித்திருக்கும். இரண்டும் ஒரே நுகத்தடியில் பிணைந்தவை, ஆனால் நீளத்தில் வேறுபட்டவை. வால்கயிறு சற்று நீண்டுவிட்டால் தோல்வாய் தாழ்ந்து, தண்ணீர் பாதிவழியிலேயே கிணற்றுக்குள் கொட்டிவிடும். மாடுகள் நடக்கும், பாட்டும் நடக்கும், வாய்க்காலில் மட்டும் நீர் வராது. மழையில் நனைந்த கயிறு ஒருவிதமாகவும் வெயிலில் உலர்ந்த கயிறு வேறுவிதமாகவும் இருக்கும் என்பது அப்பாருவுக்குத் தெரிந்திருந்தது. நாளும் முடிச்சை மாற்றிக் கட்டுவாராம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னபின் யாழுக்கு வருவேன். நரம்பின் குற்றங்களுக்குச் செம்பகை, ஆர்ப்பு, அதிர்வு, கூடம் என்று நான்கு பெயர்களை வகுத்து வைத்திருந்த மரபு நம்முடையது என்று சொல்லி நிறுத்துவேன். பொறியியல் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஒருமுறை ஒரு கருத்தரங்கில் இதையே விரித்துப் பேசினேன். கருவிகள் வருமுன் கைகள் இருந்தன, கைகளின் நினைவே நம் தொழில்நுட்பம் என்ற பொருளில் முடித்தேன். கேட்டவர்களில் அக்கா மகனும் இருந்தான். அன்று மாலை என்னைச் சோமனூருக்கு அழைத்துப்போய் விமானத்தின் வாற்பகுதியைக் காட்டினான்.

“கேபிளெல்லாம் இழுத்துக் கட்டியாச்சுங்க மாமா. அப்புச்சிதான் கூட இருந்து பார்த்தாங்க.”

அப்பா பக்கத்தில் நின்று அந்தக் கம்பியைச் சுட்டுவிரலால் ஒருமுறை தட்டினார். வீணையைத் தட்டினாற்போல் ஒலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் சொற்பொழிவு உருக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

*

இரண்டு மாதம் கழித்து, மார்கழியில், அக்கா தொலைபேசியில் அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“கண்ணு, இவன் வர்ற ஞாயித்துக்கெழம அந்த லேஅவுட் ரோட்டுல வண்டிய ஓட்டிப் பாக்கறேங்கறான். சும்மா ஓட்டறதுதாங்கறான். எனக்கு நம்பிக்கையில்ல. உன்ற பேச்சத்தான் கேப்பான். நீ வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போ.”

மனை பிரித்துப்போட்டு விற்காமல் கிடந்த நிலம் அது. தார்ச்சாலை மட்டும் நேராக நீண்டு கிடக்கும். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் இன்றி ஒரு விமானம் தரையைவிட்டு எழக்கூடாது என்பது சட்டம். அதுவும் சூலூர்ப் படைத்தளத்துக்கு இவ்வளவு அருகில். அவனுக்கு அது தெரியும். ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் எழும்பி உடனே இறங்கிவிடலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

எனக்கு விமானம் தெரியாது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பகுதிநேரமாகப் பணியாற்றும் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். விமானப்படையில் ஏஎன்-32 சரக்கு விமானங்களின் உடற்பகுதிப் பராமரிப்பில் இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வுபெற்றவர். மாணவர்கள் ‘சார்ஜென்ட் ஐயா’ என்பார்கள், நானும் அப்படியே அழைப்பது வழக்கம். ஆய்வுக்கூடத்தின் டென்ஷன் மீட்டரை முறையாகக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டார். மீட்டரில் ஒட்டியிருந்த சோதனைத் தேதி கடந்துவிடவில்லையா என்பதைப் பார்த்த பிறகே பைக்குள் வைத்தார்.

காலை ஆறரை மணி. கூடத்துக்குள் வெப்பமானி 19 டிகிரி காட்டியது. சார்ஜென்ட் ஐயா விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பாராட்டினார். ஒட்டுப்பசை வேலை சுத்தமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு ஓட்டுநர் தடியை நடுநிலையில் நிறுத்தி ஒரு பலகையால் அசையாமல் கட்டச் சொன்னார். எலிவேட்டர் என்பது வாலில் ஏறி இறங்கும் பலகை. அதுதான் விமானத்தின் மூக்கை மேலே தூக்குவதும் கீழே தாழ்த்துவதும். தடி நடுவில் நிற்கும்போது அதுவும் நடுவில் நிற்கவேண்டும். நின்றது. பையன் முகம் மலர்ந்தது.

“கேபிள் தள்ளாது வாத்தியாரே, இழுக்க மட்டுந்தான் செய்யும்” என்று என்னிடம் விளக்கினார் ஐயா. “அதனாலதான் ஜோடியாப் போடறது. ஒண்ணு மேல தூக்க, ஒண்ணு கீழ இறக்க. ஒண்ண ஒண்ணு புடிச்சிருக்கணும். புடி விட்டுச்சுன்னா பைலட் கை அசையும், வால் அசையாது. காத்து வந்து வால ஆட்டும், அதத் தடுக்கறதுக்கு ஆளிருக்காது. கப்பிலிருந்து கேபிள் நழுவுனாலும் நழுவும்.”

மீட்டரைக் கம்பியில் மாட்டினார். எளிய கருவிதான். இரண்டு ஓரப் பற்களில் கம்பி தங்கும். நடுவிலுள்ள முட்டு அதைச் சற்று வளைக்கும். வளைவதற்குக் கம்பி எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதே அளவு. கம்பியின் தடிமனுக்கேற்ற முட்டைப் பொருத்தி, கப்பிக்கும் இணைப்புக்கும் விலகிய இடத்தில் வைத்து, மூன்று முறை அளந்து, கருவியோடு வந்த அட்டவணையில் பவுண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். வரைபடம் கேட்டது 30 பவுண்டு. ஐயா மூன்றாம் முறை அளந்துவிட்டு எழுதியது 62.

கூடத்தில் சற்றுநேரம் ஓசையில்லை.

*

அப்பாவின் கை பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பியை அவர்கள் இழுத்துக் கட்டியது புரட்டாசி மாதத்து மதியம் மூன்று மணிக்கு, தகரக்கூரையின் கீழ். மரத்தாலான உடல் அந்த விமானத்துக்கு. மரம் அதன் இழைப்போக்கில் வெப்பத்துக்கு அதிகம் நீள்வதில்லை. எஃகுக் கம்பி அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீளும். ஆகவே மதியத்தில் நீண்டிருந்த கம்பி, மார்கழி விடியலில் சுருங்கி, சுருங்காத மரத்தை இரு முனையிலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கை ஐம்பதுவரை கொண்டுபோயிருக்கும், மிச்சத்தைக் குளிர் சேர்த்துவிட்டது என்றார் ஐயா.

இது தலைகீழாகவும் நடக்கும். அலுமினிய உடலுள்ள விமானத்தில் அலுமினியம் எஃகைவிட இருமடங்கு நீளும். அங்கே வெயிலில் கம்பி விறைக்கும், உயரத்துக் குளிரில் தளரும். எனவே தொழில்முறைப் பராமரிப்பில் இழுவிசையை ஒற்றை எண்ணாக மட்டும் சொல்வதில்லை. வெப்பநிலைக்கு இன்ன அளவு என்று அட்டவணை வைத்திருப்பார்கள். எஃகுக் குழாயால் ஆன உடலில் இரண்டும் ஒன்றுபோல நீளுவதால் இந்தத் தொல்லை குறைவு.

அன்று ஐயாவும் பையனும் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கணக்குப் போட்டார்கள். நான்கு மீட்டர் நீளக் கம்பி. இருபது டிகிரி வெப்ப மாற்றம். மரத்துக்கும் எஃகுக்கும் இடையே வரும் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ‘இவ்வளவுதானா’ என்றேன். பையன் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னான்: முப்பது பவுண்டு இழுவிசையில் அக்கம்பி நீள்வதே ஒரு மில்லிமீட்டரும் சில்லறையும்தான். அதில் அரை மில்லிமீட்டர் போனால் பாதி போயிற்று. அதாவது, மார்கழிக் காலையில் மிகச்சரியாக முப்பது வைத்திருந்தாலும் சித்திரை மதியத்தில் அது பதினைந்தாகியிருக்கும். கைக்கு இரண்டு வேளையும் ‘கெட்டியாகத்தான்’ இருந்திருக்கும்.

அதன்பின் ஐயா ஒரு பழைய துணியைக் கேட்டார். கம்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து முனையிலிருந்து முனைவரை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் துணி சிக்கியது. ஒட்டுப்பலகையின் விளிம்பில் கம்பி உரசிய இடம் அது. மயிரிழை போன்ற ஓர் எஃகிழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வகைக் கம்பியில் ஏழு புரிகள், புரிக்குப் பத்தொன்பது இழைகள் இருக்கும். ஓர் இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாது, வெறுங்கையால் தடவினால் கைதான் கிழியும். துணிக்குத்தான் தெரியும்.

டர்ன்பக்கிள் என்ற முறுக்கிணைப்பைப் பார்த்தார். நடுவிலுள்ள குழலைத் திருப்பினால் ஒருபுறம் வலமரையும் மறுபுறம் இடமரையும் ஒருசேர உள்ளே ஏறும், கம்பி இறுகும். குழலுக்கு வெளியே மூன்று மரைக்குமேல் தெரியக்கூடாது என்பது விதி. ஒருபக்கம் ஐந்து தெரிந்தது. குழல் தானாகத் திரும்பிவிடாமல் இருக்கக் கட்டவேண்டிய பூட்டுக்கம்பி கட்டப்படவே இல்லை. ‘பிறகு கட்டலாம்’ என்று விட்டிருக்கிறான். கடைசியாக, கப்பியைத் தாங்கும் ஒட்டுப்பலகைத் தாங்கியின்மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். போல்ட்டின் அடியில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

“மூணு மாசமா ராத்திரி பகலா இழுத்துட்டே இருந்திருக்குது பாருங்க” என்றார். “பறக்கறப்ப இது புட்டுக்கிச்சுன்னா தடி கையில இருக்கும். அவ்வளவுதானுங்க.”

நான் வகுப்பில் சொல்வதை அந்நேரத்தில் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். விறைப்பையும் தளர்வையும் நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர், யாழ் நரம்பின் குற்றங்களுக்கே நான்கு பெயர் வைத்திருந்தோம் என்றேன். ஐயா மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

“நாலு பேருஞ் சரிதானுங்க வாத்தியாரே. எத்தன பவுண்டுன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கறாங்களா?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

*

பையன் அன்று என்னோடு சண்டையிட்டான். ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை விடவேண்டும் என்று நான் சொன்னதற்கு அவன் உடனே இசைந்துவிட்டான். சண்டை அதற்காக அன்று.

“கைக்குத் தெரியும்னு மேடையில பேசுனது நீங்கதானுங்க மாமா. காலேஜ்ல மீட்டர் வெச்சுத்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மீட்டருக்குப் பணமில்ல. உங்க பேச்சக் கேட்டப்பறம் மீட்டர் வேண்டியதில்லன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டனுங்க.”

நான் அவனுக்கு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கோவைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த சில வாரங்கள் எனக்குப் பழக்கமில்லாத அறிக்கைகளை வாசித்தேன்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச் 1900டி விமானம் ஒன்று எழும்பிய உடனே விழுந்தது. விமானத்திலிருந்த 21 பேரும் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, இரவுப் பராமரிப்பில், எலிவேட்டர் கேபிளின் இழுவிசை குறைவாக இருந்ததென்று சரிசெய்திருக்கிறார்கள். சரிசெய்த தொழிலாளிக்கு அவ்வகை விமானத்தில் அந்த வேலை முதல் தடவை. வேலையின் படிகளில் சிலவற்றைத் தாண்டிப் போயிருக்கிறார். கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளர் அதற்கு உடன்பட்டிருக்கிறார். வேலையைச் சோதித்துக் கையெழுத்திட்டவரும் அதே ஆய்வாளர்தான். கம்பி இறுகியது, ஆனால் முறுக்கிணைப்புகள் பொருந்தாமல் நின்றதால், மூக்கைத் தாழ்த்தும் திசையில் எலிவேட்டர் போகவேண்டிய தூரத்தில் பாதிதான் போனது. அப்படியே ஒன்பது தடவை பறந்து இறங்கியிருக்கிறது அந்த விமானம். பத்தாம் தடவை சுமை கூடுதல், எடை பின்பக்கம் சாய்ந்திருந்தது. மூக்கு மேலேறியபோது கீழே கொண்டுவர அந்தப் பாதி போதவில்லை.

ஒன்பது தடவை என்ற எண்ணை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டியவர் கைக்கு எதுவும் தெரியவில்லை. கை பழகிவிடுகிறது. தறியில் அது குற்றமன்று. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். கவலையிலும் குற்றமன்று; தண்ணீர் கிணற்றில் கொட்டினால் அடுத்த நடையில் முடிச்சை மாற்றலாம். அப்பாவுக்கும் அப்பாருவுக்கும் கை தேறியது அப்படித்தான்: தவறுகள் உடனே தெரிந்தன, திருத்திக்கொள்ள அடுத்த நாள் இருந்தது. பல்லாயிரம் அறுந்த இழைகள் அந்தக் கைக்குள் இருக்கின்றன. ஒற்றைத் தவறுக்குமேல் இடங்கொடாத தொழிலில் கை எதைக்கொண்டு கற்றுக்கொள்ளும்?

நான் மேடையில் போற்றியது கையின் அறிவை என்று எண்ணியிருந்தேன். அந்த அறிவு எந்த நிலத்தில் விளைந்தது என்பதை நான் சொன்னதே இல்லை. பெயர் சூட்டுவது அறிவின் தொடக்கம். அளந்து, எழுதி, இன்னொருவர் கண்ணுக்குக் காட்டுவது அதன் அடுத்த படி. முதற்படியிலேயே நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.

தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்டில் தாம் வடிவமைத்த டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் இறந்தார். பராமரிப்பின்போது இறக்கைப் பலகைகளின் கம்பிகளை இடம்வலம் மாற்றிக் கட்டிவிட்டார்கள். 2018இல் லிஸ்பன் அருகே பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா விமானத்திலும் இதே பிழை. அதிலிருந்த ஆறு பேரும் பெரும்போராட்டத்துக்குப் பின் உயிரோடு இறங்கினார்கள். எழுபது ஆண்டு இடைவெளியில் அறிவு வளராமல் இல்லை. ஒருவர் செய்ததை வேறொருவர் புதிதாகப் பார்க்கவேண்டும் என்ற சிறு ஒழுங்கு, ஒரு களைத்த நாளில் கைவிடப்பட்டால் போதும்.

*

விமானம் பறக்கவில்லை. உரிய அனுமதியும் உரிய ஆய்வும் இல்லாமல் இனி பறக்கப்போவதும் இல்லை. பையன் இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சியாளனாக இருக்கிறான். பராமரிப்புப் பொறியாளர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறான். மாதம் ஒருமுறை வருவான். விரிசல் விட்ட தாங்கியைக் கழற்றிப் புதிதாகச் செய்தான். கடைவீதியில் வாங்கிய கம்பியை எறிந்துவிட்டு விமானத்துக்குரிய கம்பியைத் தருவித்தான். உரசிய இடத்தில் வழிகாட்டி வளையம் வைத்தான். முறுக்கிணைப்புகளில் பூட்டுக்கம்பி கட்டியதை ஐயா வந்து பார்த்தார். அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார், கட்டினான். முதல் சம்பளத்தில் பழைய டென்ஷன் மீட்டர் ஒன்றை வாங்கிச் சோதனைக்கு அனுப்பிச் சான்று பெற்றுக்கொண்டான்.

பறக்காத விமானத்துக்கு மீட்டர் எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன். அவள் தறிக்கூடத்து ஆணியில் தொங்கிய ஒரு நோட்டைக் காட்டினாள். முன்பு கூலிக்கணக்கு எழுதிய நீள நோட்டு. தேதி, நேரம், வெப்பம், பவுண்டு எனக் கோடு போட்டுப் பிரித்திருந்தது. வாரம் இரண்டு நாள், காலையும் மதியமும், அப்பா அளந்து எழுதுகிறார். கடைசிக் கட்டம் கையெழுத்துக்கு. அதில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன: ஒன்று அப்பாவுடையது, மற்றது அக்காவுடையது.

“அப்பா அளந்ததச் சொல்ல மாட்டாரு” என்றாள் அக்கா. “நான் தனியா அளந்து எழுதணும். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் கையெழுத்து. ஒருக்கா நாலு பவுண்டு வித்தியாசம் வந்துருச்சு. எனக்குத்தான் மீட்டரச் சரியா மாட்டத் தெரியலன்னு பேச்சு வாங்குனேன். மறுக்கா ரெண்டு பேரும் சேந்து பாத்தா, அப்பா கண்ணாடி போடாம எழுதியிருக்காரு.”

நோட்டைப் புரட்டினேன். எண்கள் வெயிலோடு இறங்கிக் குளிரோடு ஏறின. ஐப்பசி மழை நாட்களில் வேறொரு போக்கு; மரம் ஈரம் குடித்துத் தன் கணக்கைத் தனியாகக் காட்டியிருந்தது. நடுவே ஒருநாள் கட்டத்துக்கு வெளியே அப்பாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு: ‘கைக்கு 28 போல இருந்தது. 24.’ அப்படிக் குறிப்புகள் வேறு பக்கங்களிலும் இருந்தன. பின்பக்கங்களில் அந்த இடைவெளி மூன்றாகி, இரண்டாகிக் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஆனால் எந்த நாளிலும் கட்டத்துக்குள் எழுதியிருந்தது மீட்டர் காட்டிய எண்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அப்பா அளந்து முடித்து, எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு மீட்டரை என்னிடம் நீட்டினார். நான் இதுவரை அதைத் தொட்டதில்லை. ‘நீங்க பாத்ததே போதுமுங்கப்பா, கையெழுத்துப் போட்டர்றேன்’ என்று சொல்ல வாய் வந்தது.

“புடிங்க வாத்தியாரே” என்றார் அப்பா.

மூன்று முறை அளந்தேன். முதல் முறை கப்பிக்கு மிக அருகில் வைத்துவிட்டேன்; திருத்தினார். பிறகு எண்ணைச் சொன்னேன். கையை எடுத்துக் காட்டினார். ஒரு பவுண்டு வித்தியாசம். அதையும் எழுதச் சொன்னார்.